பிரித்துப் பார்த்தே படித்தவர்!

பாடாத ரேடியோவையோ, ஒரு பக்கம் மட்டும் கேட்கும் ஹெட்போனையோ திறந்து பார்த்து அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் ஜி.டி.நாயுடுவை உங்களுக்குப் பிடிக்கும்.

கோவைக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில், 1893 மார்ச் 23ல் பிறந்தவர் துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்குக் கசந்தது. மூன்றாம் வகுப்போடு சரி. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் ஓடுகிறதே! கோவைக்குப் போய், ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதேபோல ஒரு வண்டியை வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். பிறகு திரும்ப மாட்டினார். அதுதான் அவருடைய இன்ஜினியரிங் கல்லூரி!

1920ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். மதுரைப் பக்கத்திலிருந்து பழனிக்குப் போகும் நீங்கள் அடுத்த முறை பொள்ளாச்சி பஸ்ஸைப் பார்த்தால் அவரை நினைத்துக் கொள்ளுங்கள். பஸ் ஒன்று பலவாகி, பெரிய கம்பெனி ஆனது. பாட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசரையும் செய்தார்.

ரேடியோ விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்துச் சின்ன 'கிரிஸ்டல்' ரேடியோவில் பாட்டு மிக மெல்லியதாக வரும். ஹெட்போனைக் காதில் மாட்டினால்தான் கேட்கும். வீட்டில் ஒருவர் கேட்டால் மற்றவர் வாய் பார்க்க வேண்டியதுதான். பல்பு போன்ற கண்ணாடிக் குழாயான 'வால்வு'தான் அந்த மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கி, ஸ்பீக்கரைப் பேச வைத்தது. ஐந்து வால்வு இருந்தால் வீடே கேட்கும். ஆனால் விலை? பணக்கார வீட்டுப் பொருள் அது. அப்படிப்பட்ட ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941ல் அறிவித்தார் நாயுடு.

1945ல் கோவையில் பாலிடெக்னிக் தொடங்கவும் காரணமாக இருந்தார். மூன்றாம் வகுப்புக்காரர் தொடங்கிய தொழில்நுட்பப் பள்ளி!

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. 1952ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குத் தரத் தயாரானார். அரசு லைசென்ஸ் தரவில்லை. செய்யத் தெரிந்தும் விற்க முடியாமல் போனது எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும், பாருங்கள்.

1974 ஜனவரி 4ல் காலமானார். கோவை போனால், அவினாசி சாலையில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.