ஏர்னசுட்டு வில்லியம் ஹே குரோவ்சு

ஏர்னசுட்டு வில்லியம் ஹே குரோவ்சு (1872 – 1944) இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பணியாற்றிய பிரித்தானிய அறுவை மருத்துவர் ஆவார். முழங்காலில் அறுந்துபோன முன் சிலுவைத் தசைநாருக்குப் பதிலாக, நோயாளியின் தொடையிலிருந்தே எடுத்த நார்ப்பட்டையைக் கொண்டு புதிய தசைநாரை அமைத்த முன்னோடிகளுள் ஒருவராக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

குரோவ்சு இந்தியாவில் பிறந்தவர். இலண்டன் புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். தொடக்கத்தில் பிரிஸ்டலுக்கு அருகே பொது மருத்துவராகப் பணியாற்றிய இவர், பின்னர் பிரிஸ்டல் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவராகவும் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் அறுவையியல் பேராசிரியராகவும் விளங்கினார். முதல் உலகப்போரில் இராணுவ மருத்துவராகச் சேவை புரிந்தார்.

அக்காலச் சிகிச்சை நிலை

முழங்கால் மூட்டினுள் இரு தசைநார்கள் சிலுவை வடிவில் குறுக்கிட்டுச் செல்கின்றன. இவற்றுள் முன் சிலுவைத் தசைநார், கால் முன்னெலும்பு முன்னோக்கி நழுவாமல் தடுக்கிறது. இது அறுந்தால் நடக்கும்போது முழங்கால் திடீரெனப் பிடிமானம் இழக்கும். 1895 இல் லீட்சு நகரில் மேயோ ராப்சன் அறுந்த முனைகளைத் தைத்து இணைத்தார். எனினும் தையல் நிலைக்காது என்று ராபர்ட் சோன்சு போன்றோர் கருதினர். ஆகவே பலர் முழங்கால் கவசத்தையே நம்பி வாழ வேண்டியிருந்தது.

முழங்கால் அறுவை

தைப்பதை விட்டுப் புதிய தசைநாரையே அமைக்க வேண்டும் என்பது குரோவ்சின் வழி. தொடையின் வெளிப்புறத்திலுள்ள வலிமையான நார்ப்பட்டையிலிருந்து ஒரு கீற்றைப் பிரித்து, அதன் ஒரு முனையை உடலோடு ஒட்டியவாறே விட்டார். தொடையெலும்பிலும் கால் முன்னெலும்பிலும் துளையிட்டு அவற்றின் வழியே மறுமுனையைச் செலுத்தினார். இதனை 1917 இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். புதிய தசைநார் இயற்கையான தசைநாரைப் போலவே சாய்வாக அமைய வேண்டும் என வலியுறுத்தினார்.

பின்னர் முறையைத் திருத்தியமைத்து, 14 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார். பயன் கிட்டாதோரையும் அவர் மறைக்கவில்லை. சற்று மடங்கிய நிலையில் நோயாளி முயலும்போது கால் முன்னெலும்பு வெட்டி இழுத்தாற்போல் முன்னோக்கி நழுவுவதையும் அவர் விவரித்தார். இந்நழுவலை வெளிக்கொணரும் சோதனை 1970களில் தனிப்பெயர் பெற்று, தசைநார் அறுந்ததைக் கண்டறியப் பயன்படலாயிற்று.

பிற பணிகள்

எலும்பு முறிவுச் சிகிச்சை பற்றி 1916 இல் நூல் வெளியிட்டார். இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலைக்குப் பதிலாகத் தந்தத்தாலான தலையைப் பொருத்தியதும் குறிப்பிடத்தக்கது. 1913 இல் 'பிரித்தானிய அறுவையியல் இதழ்' தொடங்கப்பட்டதில் முக்கியப் பங்காற்றினார். நீண்டகாலம் அதன் ஆசிரியப் பணியிலும் ஈடுபட்டார்.

தாக்கம்

குரோவ்சின் அறுவை உடனே பரவலாகவில்லை. மூட்டை அகலத் திறக்க வேண்டியிருந்தது அதற்கு ஒரு காரணமாகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூட்டு உள்நோக்கி வந்தபின், சிறு துளைகள் வழியாகவே இச்சிகிச்சையைச் செய்ய முடிந்தது. இன்று தசைநாண் ஒட்டுகள் பெரும்பாலும் முழங்காற்சில்லுக்குக் கீழிருந்தோ தொடையின் பின்புறத்திலிருந்தோ எடுக்கப்படுகின்றன. ஆயினும் எலும்பில் துளையிட்டு, நோயாளியின் திசுவையே அதன் வழியே செலுத்தி, சரியான சாய்வில் பொருத்துதல் என்னும் அடிப்படை மாறவில்லை.