பப்ஜியில் நீங்க தூக்குற துப்பாக்கி... அதுக்குப் பின்னால இருக்குற மனுஷன் யார் தெரியுமா?

நீங்க பப்ஜி விளையாடினவரா? அப்படின்னா வின் 94, எஸ் 1897, பி 1911 இந்த மூணு பெயரும் உங்களுக்குப் புதுசா இருக்காது. இறங்கின உடனே கையில் வேற எதுவும் சிக்காம, வேண்டாவெறுப்பா இதில் ஒண்ணைத் தூக்கிட்டு ஓடியிருப்பீங்க.

இந்த மூணையும் நிஜத்தில் வடிவமைச்சவர் ஒரே மனுஷன்தான். பெயர் ஜான் மோசஸ் பிரவுனிங். ஆனா, வின் 94-ல் இருக்கும் 'வின்' அவர் இல்லை. அது வின்செஸ்டர்ங்கிற கம்பெனியோட பெயர். செஞ்சவர் ஒருத்தர், பெயர் இன்னொருத்தருக்கு. பிரவுனிங்கோட பாதி வாழ்க்கை இப்படித்தான் போச்சு. மீதிப் பாதியில் என்ன நடந்தது? வாங்க, பார்க்கலாம்.

பழைய இரும்புக்கு நடுவுல வளர்ந்த பையன்

1855 ஜனவரியில், அமெரிக்காவின் யூட்டா பகுதியில் இருக்கும் ஆக்டன் என்ற ஊரில் பிறந்தார் பிரவுனிங். அப்பா ஜோனதன், துப்பாக்கி செய்யுறவர், ரிப்பேர் பார்க்குறவர். அப்பாவுக்கு மூன்று மனைவிகள், மொத்தம் 22 பிள்ளைகள். மார்மன் சமயத்தைச் சேர்ந்த குடும்பம்.

மத்த பசங்க தெருவில் விளையாடும்போது, இவருக்கு விளையாட்டுத் திடலே அப்பாவோட பட்டறைதான். கழிச்சுப் போட்ட இரும்புத் துண்டுகளை வெச்சு, சிறுவனா இருக்கும்போதே ஒரு துப்பாக்கியைச் செஞ்சுட்டார். பெரிய படிப்பு கிடையாது. இன்ஜினீயரிங் காலேஜ் எல்லாம் அந்தப் பக்கமே கிடையாது. கையில் எடுத்துப் பார்த்து, கழட்டி, மாட்டி, யோசிச்சுக் கத்துக்கிட்டதுதான் எல்லாம்.

1879-ல் அப்பா இறந்துபோனார். அதே வருஷம் பிரவுனிங்குக்குக் கல்யாணம். அதே வருஷம் அக்டோபரில் முதல் பேட்டன்ட்டும் வந்தது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடுற ரைஃபிள் அது. தம்பிகளைச் சேர்த்துக்கிட்டு, சின்னதா ஒரு பட்டறை போட்டு, அதைத் தயாரிக்க ஆரம்பிச்சார்.

8,000 டாலரும் ஒரு கையெழுத்தும்

1883-ல் ஒரு நாள், வின்செஸ்டர் கம்பெனியின் பெரிய அதிகாரி பென்னட், நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து ரயில் ஏறி ஆக்டனுக்கே வந்து இறங்கினார். அந்த ரைஃபிளோட மொத்த உரிமையும் தங்களுக்கு வேணும்னு கேட்டார். 8,000 டாலருக்குப் பேச்சு முடிஞ்சது.

அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. ஆனா கவனிங்க, அது ஒரே தடவை கொடுக்கிற காசு. அதுக்கப்புறம் அந்த ரைஃபிள் ஆயிரம் வித்தாலும் லட்சம் வித்தாலும் பிரவுனிங்குக்கு ஒரு பைசா கிடையாது. ஃப்ரீலான்ஸா லோகோ டிசைன் பண்றவங்க, பாட்டு போட்டுக் கொடுக்குறவங்களுக்கு இந்த வலி நல்லாப் புரியும்.

அடுத்த பத்தொன்பது வருஷம் இதே கதைதான். இவர் வடிவமைப்பார், வின்செஸ்டர் மொத்தமா வாங்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களை இப்படி வாங்கினாங்க. அதில் கடைக்கு வந்தது சில மட்டும்தான். மத்ததெல்லாம் போட்டிக் கம்பெனி கையில் கிடைச்சுடக் கூடாதுன்னே வாங்கி, பூட்டி வெச்சது.

பின்னால இழு, முன்னால தள்ளு

இதில் தனியா சொல்ல வேண்டியது பம்ப் ஆக்‌ஷன் ரைஃபிள். குழலுக்குக் கீழே ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பின்னால இழுத்தா, சுட்டு முடிச்ச காலித் தோட்டா வெளியே விழும். முன்னால தள்ளினா, அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். எஸ் 1897-ல் அந்த 'சக்... சக்...' சத்தம் கேட்டிருப்பீங்களே, அதே வேலைதான்.

கோல்ட் கம்பெனி 1884-லேயே 'லைட்னிங்' என்ற பம்ப் ரைஃபிளைக் கொண்டுவந்துட்டது. வின்செஸ்டருக்குப் பதிலடி தேவைப்பட்டது. பிரவுனிங்கும் தம்பி மேத்யூவும் ஒரு சின்ன பம்ப் ரைஃபிளை வரைஞ்சு அனுப்பினாங்க. வரைபடத்தைப் பார்த்த வின்செஸ்டர் ஆட்கள், இது வேலைக்கு ஆகாதுன்னு பதில் போட்டதாகவும், பிரவுனிங் ஒண்ணும் வாதாடாம, நிஜமாவே வேலை செய்யுற மாதிரி ஒண்ணைச் செஞ்சு அனுப்பிட்டதாகவும் சொல்வாங்க. அதுக்கான பேட்டன்ட் 1888-ல் வந்தது. அதுதான் மாடல் 1890.

1932 வரைக்கும் எட்டு லட்சத்துக்கும் மேல் தயாரான துப்பாக்கி இது. நம்ம ஊர் பொருட்காட்சியிலும் மெரினாவிலும் பலூன் சுடுறோம் இல்லையா? அமெரிக்கத் திருவிழாக்களில் அந்த இடத்தில் இருந்தது இந்த ரைஃபிள்தான். குழல் மேல பேட்டன்ட் தேதி இருக்கும், வின்செஸ்டர் பெயர் இருக்கும். பிரவுனிங் பெயர் மட்டும் இருக்காது.

துப்பாக்கியைப் பார்க்காதீங்க, தோட்டாவைப் பாருங்க

பழைய பம்ப் ரைஃபிள்களில் எது பெஸ்ட்னு கேட்டா, துப்பாக்கியை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அது எந்தத் தோட்டாவுக்காகச் செஞ்சதுன்னு முதலில் பார்க்கணும். மூணை மட்டும் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.

*கோல்ட் லைட்னிங்:* மூணு சைஸில் வந்தது. நடு சைஸுக்கான தோட்டாக்கள் .32-20, .38-40, .44-40. இதில் .44-40 கைத்துப்பாக்கியிலும் போடக்கூடியது. இடுப்பில் இருக்குறதுக்கும் தோளில் இருக்குறதுக்கும் ஒரே தோட்டா, தனித்தனியா சுமக்க வேண்டாம். கிட்டத்தில் வரும் மானுக்குப் போதும், தூரத்துக்குச் சரிப்படாது. உள்ளே இருக்கும் பாகங்கள் கொஞ்சம் சிக்கலானவை. 1904 வாக்கில் தயாரிப்பு நின்னுபோச்சு.

*வின்செஸ்டர் 1890:* எல்லாமே .22 ரகம். அதாவது குண்டின் குறுக்களவு சுமார் 5.6 மில்லிமீட்டர்தான். என்.சி.சி கேம்ப்பில் சுட்டவங்களுக்கு இந்த 'பாயின்ட் டூ டூ' பழக்கம். இதில் ஒரு விஷயம், ஒரு ரைஃபிளுக்கு ஒரு தோட்டாதான். .22 ஷார்ட்டுக்குச் செஞ்சதில் .22 லாங் போட முடியாது. ஷார்ட்டின் குண்டு 2 கிராம்கூட இருக்காது. சத்தம் கம்மி, விலையும் கம்மி, அதனால திருவிழாக் கடைக்காரங்களுக்குப் பிடிச்சது. இந்த ரைஃபிளோடயே பிறந்த .22 டபிள்யூ.ஆர்.எஃப் கொஞ்சம் கனமானது, குண்டு சுமார் 3 கிராம். முயலும் அணிலும் வேட்டையாடுறவங்க அதை வாங்கினாங்க. அப்புறம் வந்த மாடல் 1906-தான், ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் மூணையும் மாத்தி மாத்திப் போடுற வசதியைக் கொடுத்தது.

*ரெமிங்டன் மாடல் 14:* 1910-களில் வந்த இது நிஜமான பெரிய வேட்டைக்கு. வடிவமைச்சவர் ஜான் பெடர்சன். பம்ப் ரைஃபிளில் தோட்டாக்கள் ஒரு குழாய்க்குள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரிசையா நிக்கும். .22-ல் சுத்தியல் தோட்டாவின் விளிம்பில் அடிக்கும், அதனால பிரச்னை இல்லை. பெரிய தோட்டாக்களில் வெடிக்கிற இடம் பின்பக்கத்தின் நடுவில் இருக்கும். பின்னால நிக்கும் தோட்டாவின் கூர்மூக்கு, முன்னால இருப்பதோட நடுவில் இடிச்சா? சுடும்போது வரும் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிச்சுடலாம்! பெடர்சன் அந்தக் குழாயையே முறுக்கு மாதிரி திருகலா செஞ்சுட்டார். தோட்டாக்கள் கொஞ்சம் சாய்ஞ்சு நிக்கும், மூக்கு நடுவில் படாது. எந்தத் தோட்டாவுக்கான ரைஃபிள்னு தெரிய, பக்கவாட்டில் அந்தத் தோட்டாவின் பித்தளை அடிப்பாகத்தையே பதிச்சிருப்பாங்க. அவ்வளவு அழகு!

சரி, மாடல் 14-க்கும் பிரவுனிங்குக்கும் என்ன சம்பந்தம்? அதில் போடுற .25, .30, .32, .35 ரெமிங்டன் தோட்டாக்கள் முதலில் வந்தது 1906-ல், ரெமிங்டனின் ஒரு தானியங்கி ரைஃபிளுக்காக. .35-ன் குண்டு மட்டும் 13 கிராம் வரும், மானையும் கரடியையும் சாய்க்கப் போதும். அந்தத் தானியங்கி ரைஃபிளை வடிவமைச்சவர் யார்னு நினைக்கிறீங்க? பிரவுனிங்கேதான். வின்செஸ்டருக்குச் செஞ்சுக்கிட்டு இருந்தவர், ரெமிங்டனுக்கு எப்படிப் போனார்?

காத்திருந்த அறையில் வந்த சேதி

1890-களின் கடைசியில் பிரவுனிங் ஒரு தானியங்கி ஷாட்கன் செஞ்சார். பம்ப் பண்ணவே வேண்டாம், சுட்டா அதுவா அடுத்ததை ஏத்திக்கும். இது வேற லெவல்னு அவருக்கே தெரியும். இந்தத் தடவை மொத்தமா விக்க மாட்டேன், விக்கிற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பங்கு வேணும்னு பென்னட்டிடம் கேட்டார். பென்னட் ஒத்துக்கலை. பத்தொன்பது வருஷ உறவு அந்த அறையிலேயே முடிஞ்சது. பிரவுனிங் துப்பாக்கியை எடுத்துக்கிட்டு வெளியே வந்துட்டார்.

நேரா ரெமிங்டன் தலைவர் ஹார்ட்லியைப் பார்க்கப் போனார். 1902 ஜனவரி 8. வெளி அறையில் உட்கார்ந்து காத்திருக்கும்போது சேதி வந்தது. ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துட்டார்.

யோசிச்சுப் பாருங்க. பழைய கதவை நீங்களே சாத்திட்டு வந்துட்டீங்க. புதுக் கதவு திறக்குறதுக்கு முன்னாடியே மூடிடுச்சு. நாற்பத்தாறு வயசு. திரும்பிப் போய் சமாதானம் பேசியிருக்கலாம். அவர் பேசலை. கப்பல் ஏறி பெல்ஜியத்துக்குப் போனார். லியேஜ் பக்கத்தில் இருக்கும் எஃப்.என் கம்பெனி ஏற்கெனவே அவரோட பிஸ்டலைச் செஞ்சுக்கிட்டு இருந்தது. ஷாட்கன்னையும் பங்கு கொடுத்தே எடுத்துக்கிட்டாங்க. ரெமிங்டனும் பின்னால வந்து சேர்ந்தது.

முக்கியமா, எஃப்.என் தயாரிச்ச துப்பாக்கிகளில் பிரவுனிங்னு பெயர் பதிஞ்சது. பிரெஞ்சு மொழியில் பிஸ்டலுக்கே 'பிரவுனிங்'னு சொல்லுற அளவுக்கு அந்தப் பெயர் பரவிடுச்சு.

பெயருக்கு ஒரு விலை உண்டு

ஆனா பெயர் வந்தா, அதோட மத்ததும் வரும். 1914 ஜூன் மாதம் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவியையும் காவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக் கொன்னான். முதல் உலகப் போருக்குத் தீ வெச்ச சம்பவம் அது. அவன் கையில் இருந்தது எஃப்.என் தயாரிச்ச பிரவுனிங் பிஸ்டல், 1910 மாடல்.

திருவிழாவில் பரிசு ஜெயிக்கிற ரைஃபிளைச் செஞ்ச அதே கைதான் இதையும் செஞ்சது. முயலுக்கும் மானுக்கும் செஞ்ச 1897 பம்ப் ஷாட்கன், போரில் பதுங்குகுழிக்குள்ளே மனுஷங்களைச் சுடப் போச்சு. அவர் வடிவமைச்ச இயந்திரத் துப்பாக்கிகளும் போர்க்களத்துக்குப் போச்சு. இதை மறைச்சுட்டு அவரை வெறும் ஜீனியஸ்னு மட்டும் சொன்னா, அது பாதிக் கதைதான்.

அமெரிக்கா போரில் இறங்கினப்போ, அரசாங்கம் அவரோட வடிவங்களுக்கு 7,50,000 டாலர் கொடுக்க முன்வந்தது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பங்குன்னு கணக்குப் பார்த்தா, அதைவிடப் பல மடங்கு, கோடி டாலரைத் தாண்டி வந்திருக்கும். பங்கு வேணும்னு வின்செஸ்டரையே உதறின மனுஷன், இங்கே பேரம் பேசலை, சரின்னுட்டார்.

முதலில் தன் உழைப்புக்கு விலை தெரியாம வித்தார். அப்புறம் விலை தெரிஞ்சு, கேட்டு வாங்கினார். கடைசியில் விலை தெரிஞ்சே விட்டுக்கொடுத்தார். முதல் முறையும் மூணாவது முறையும் வெளியிலிருந்து பார்க்க ஒண்ணு மாதிரிதான் தெரியும். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை. நடுவில் ஒரு தடவை முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சவர் கொடுக்குறதுக்குப் பெயர்தான் விட்டுக்கொடுக்கிறது.

கடைசி வரைக்கும் பட்டறை

1926 நவம்பர் 26. பெல்ஜியத்தில் எஃப்.என் தொழிற்சாலையில் வழக்கம்போல வேலை பார்த்துக்கிட்டு இருந்தப்போ நெஞ்சு வலி. மகன் வேலின் அலுவலகத்திலேயே உயிர் பிரிஞ்சது. வயசு 71. கையில் 128 பேட்டன்ட்.

அவர் பாதியில் விட்டுட்டுப் போன ஒரு பிஸ்டலை, எஃப்.என்-னில் இருந்த சேவ் என்ற வடிவமைப்பாளர் முடிச்சார். 1935-ல் வந்த அதன் பெயர் ஹை பவர். இந்த இடத்தில்தான் கதை நம்ம ஊருக்கு வருது. நம்ம ராணுவத்திலும் போலீஸிலும் பல வருஷமா இருக்கும் 9 எம்.எம் பிஸ்டல் இருக்கே, அது மேற்கு வங்கம் ஈஷாப்பூர் தொழிற்சாலையில் தயாராகும் அதே ஹை பவரின் வடிவம்தான்.

அதோட அதிகாரபூர்வப் பெயர் 'பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம் 1ஏ'. பிரவுனிங் பெயர் இங்கேயும் இல்லை!

அடுத்த தடவை கேமில் வின் 94-ஐத் தூக்கும்போது ஒரு நிமிஷம் தோட்டாவைப் பாருங்க. கேமில் அதுக்கு .45 ஏ.சி.பி கொடுத்திருப்பாங்க. நிஜ 1894-ஐ உலகமே கொண்டாடினது .30-30 தோட்டாவோட. ஆக, கேம்காரங்க போட்டது தப்பான தோட்டா. ஆனா அந்த .45 ஏ.சி.பி-யை உருவாக்கினவரும் பிரவுனிங்தான்.