உளி பிடித்த கரம்

பெண்ணின் கைக்கு ஊசியும் நூலுமே பொருந்தும், உளியும் சுத்தியலும் பொருந்தா என்று உலகம் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த எண்ணத்தைப் பளிங்குக் கல்லைக் கொண்டே மாற்றிக் காட்டியவர் ஹாரியட் ஹாஸ்மர் அம்மையார். அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சிறிது காண்போம்.

1830-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வாட்டர்டவுன் என்னும் ஊரில் ஹாரியட் பிறந்தார். தந்தை ஹைரம் ஹாஸ்மர் ஒரு மருத்துவர். எனினும் காசநோய் அவர் இல்லத்தையே சூறையாடியது. தாயும் உடன்பிறந்த மூவரும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். எஞ்சிய ஒரே மகளையாவது காப்பாற்ற வேண்டுமே என்று ஏங்கிய தந்தை, அவளை வீட்டுக்குள் அடைத்து வைக்காமல் திறந்த வெளியிலே வளர்த்தார். குதிரையேற்றம், படகு வலித்தல், மலையேற்றம், துப்பாக்கி சுடுதல் அனைத்தும் அவளுக்குக் கைவந்தன. வீட்டருகே இருந்த களிமண்ணில் விலங்குகளின் உருவங்களைச் செய்து விளையாடுவதும் அவள் வழக்கம்.

சிற்பியாக வேண்டும் என்ற ஆசை வளர்ந்தது. மனித உடலைச் செதுக்குபவருக்கு எலும்பும் தசையும் அமைந்துள்ள விதம் தெரிய வேண்டும். ஆனால் அந்த உடற்கூற்றுப் பாடத்தைக் கற்க, அன்று பாஸ்டனில் பெண்களுக்கு இடமில்லை. ஹாரியட் மனம் தளரவில்லை. பள்ளித் தோழியின் தந்தை வேமன் குரோ என்பவரின் உதவியால் தொலைவிலுள்ள செயிண்ட் லூயிஸ் நகருக்குச் சென்று, அங்கே மருத்துவப் பேராசிரியர் மெக்டவலிடம் அக்கல்வியைப் பெற்றார். 1851-இல் மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பலில் பயணம் செய்தபோது, கரையோரக் குன்று ஒன்றின் உச்சிக்கு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். முதலில் எட்டியவர் ஹாரியட்! ஐயோவா மாநிலத்தில் உள்ள அக்குன்று இன்றும் ஹாஸ்மர் மலை என்றே வழங்குகிறது.

வீடு திரும்பியவர், மாலை விண்மீனைப் பெண்ணாக உருவகித்து 'ஹெஸ்பர்' என்னும் மார்பளவுச் சிலையைத் தம் கையாலேயே பளிங்கில் செதுக்கினார். 1852-இல் தந்தையுடன் உரோமைக்குப் பயணமானார். பண்டைய கிரேக்க, உரோமைச் சிற்பங்களைப் போலத் தூய வெண்பளிங்கில் புராண மாந்தரைப் படைக்கும் கலை அப்போது அந்நகரில் செழித்திருந்தது. அக்கலையின் பேராசான் கனோவாவிடம் பயின்ற ஜான் கிப்சன் என்னும் வேல்ஸ் நாட்டுச் சிற்பி, ஹெஸ்பர் சிலையின் நிழற்படத்தைக் கண்டதும் ஹாரியட்டை மாணவியாக ஏற்றுக்கொண்டார்.

அங்கே பிறந்தன டாஃப்னியும் மெடூசாவும். அப்பல்லோவிடமிருந்து தப்பி ஓடி லாரல் மரமாக மாறிய கன்னி டாஃப்னி. கண்டோரைக் கல்லாக்கும் பாம்புக் கூந்தலாள் மெடூசா. மற்றவர் மெடூசாவை அரக்கியாகவே காட்ட, ஹாரியட்டோ ஓர் அழகிய பெண் தன் கூந்தல் பாம்பாக மாறும் வேளையில் படும் வேதனையை அம்முகத்தில் வடித்தார். அடுத்து, கணவன் பாரிஸால் கைவிடப்பட்டுத் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் ஈனோனியை முழு உருவில் செய்தார். பொருளிழந்த தந்தை ஊருக்குத் திரும்பும்படி அழைத்தபோதும் அவர் உளியைக் கீழே வைக்கவில்லை. 'பக்' என்னும் குறும்புக்காரக் குட்டித் தேவதையின் சிலையைப் படைத்தார். அதன் பிரதிகள் பல விற்றன. இங்கிலாந்து இளவரசரும் ஒன்றை வாங்கினார்.

உரோமையில் சாந்த் ஆந்திரேயா தெல்லே ஃபிராத்தே ஆலயத்தில், பதினாறு வயதில் இறந்த ஜூடித் ஃபால்கொனே என்ற பெண்ணின் கல்லறைச் சிலையையும் ஹாரியட் செய்தார். துயிலும் சிறுமியைப் போல அவ்வுருவம் அமைதியாகக் கிடக்கிறது.

பெரும் புகழோடு பெரும் பழியும் வந்தது. உரோமைப் பேரரசனால் சிறைபிடிக்கப்பட்டு, விலங்குடன் நடத்திச் செல்லப்பட்ட பல்மைரா நாட்டு அரசி செனோபியாவை, ஆள் உயரத்திற்கும் மேலான சிலையாக வடித்து 1862-இல் லண்டன் கண்காட்சியில் வைத்தார். மறு ஆண்டே, இது அவர் செய்ததன்று, இத்தாலியத் தொழிலாளி ஒருவன் செய்தது என்று இரண்டு பத்திரிகைகள் எழுதின. ஒரு பெண்ணால் இவ்வளவு பெரிய சிலையைச் செய்ய முடியுமா என்ற ஐயமே அதற்கு அடிப்படை.

ஹாரியட் அழுது ஒதுங்கினாரா? இல்லை. அவதூறு வழக்குத் தொடுத்தார். பத்திரிகைகள் தம் கூற்றைத் திரும்பப் பெற்றன. அத்துடன் நில்லாமல், பளிங்குச் சிலை எவ்வாறு உருவாகிறது என்பதை 1864-இல் ஓர் அமெரிக்க மாத இதழில் கட்டுரையாக விளக்கினார். சிற்பி முதலில் களிமண்ணில் சிறு உருவம் செய்கிறார். பணியாளர்கள் இரும்புச் சட்டம் அமைத்து அதே அளவைப் பெருக்கிக் களிமண்ணை அப்புகிறார்கள். அதைச் செம்மைப்படுத்தி உயிர் கொடுப்பது சிற்பியின் வேலை. பிறகு பாரிஸ் சாந்தில் வார்ப்பெடுத்து, அதன்மேல் புள்ளிகள் குறித்து, கவராயத்தால் அளந்து, பணியாளர்கள் பளிங்கைக் கொத்துகிறார்கள். கனோவா முதலிய ஆண் சிற்பிகள் யாவரும் கையாண்ட முறையே இது. அவர்களுக்குக் குற்றமாகாத ஒன்று பெண்ணுக்கு மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பதே அவருடைய வாதம்.

பின்னர் செனோபியா அமெரிக்காவுக்குச் சென்றாள். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் மக்கள் திரள் திரளாக வந்து கண்டனர். தமக்குக் கல்விக் கதவைத் திறந்த செயிண்ட் லூயிஸ் நகருக்கு ஹாரியட் செய்த பெண்டன் என்னும் தலைவரின் வெண்கலச் சிலை 1868-இல் அங்கே திறக்கப்பட்டது. திருமணத்தை நாடாது கலைக்கே வாழ்ந்த அவர், 1908 பிப்ரவரி 21-ஆம் நாள், தாம் பிறந்த ஊரிலேயே 77-ஆம் வயதில் கண்மூடினார்.

மாணவியரே, செனோபியாவின் சிலை ஒன்று இன்றும் கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் கலைக்கூடத்தில் நிற்கிறது. கைகளில் விலங்கு, ஆனாலும் தலை நிமிர்ந்த நடை. உன்னால் இது முடியுமா என்று ஒருவர் கேட்கும்போது சினந்து பயனில்லை. தொழிலை அடிமுதல் நுனிவரை கற்று, அதை எடுத்துச் சொல்லும் துணிவும் பெற்றவளுக்கு அவளது வேலையே சாட்சி கூறும். ஹாரியட்டின் வாழ்வு நமக்குக் காட்டும் வழி அதுவே.