நாலே நாலு கையெழுத்து

கிளாஸ் மொத்தமும் சேர்ந்து ஒரு லெட்டர் எழுதலாம்னு முடிவு பண்றீங்க. கடைசியில் பார்த்தால் அதில் உங்க பேரும் இன்னும் மூணு பேர் பேரும்தான் இருக்கு. அதுவும் ஊர் முழுக்கப் பரவிடுச்சு. எப்படி இருக்கும்? 1860-ல் யோகான்னஸ் பிராம்ஸுக்கு அப்படித்தான் இருந்தது.

பிராம்ஸ் 1833-ல் ஹாம்பர்க் நகரத்தில் பிறந்தவர். அப்பா டபுள் பாஸ் வாசிப்பவர், பெரிய வசதி கிடையாது. 19 வயசில் ஒரு வயலின் கலைஞரோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்யக் கிளம்பினார். வழியில் வைமர் நகரத்தில் ஃபிரான்ஸ் லிஸ்டைச் சந்தித்தார். அன்றைக்கு பியானோவில் லிஸ்ட்தான் சூப்பர்ஸ்டார். கூச்சத்தில் பிராம்ஸ் வாசிக்கவே மறுத்துட்டார். உடனே லிஸ்ட், பிராம்ஸின் கையெழுத்துப் பிரதியை எடுத்து வைத்து, பார்த்த மாத்திரத்தில் வாசித்துக் காட்டினார். யாராக இருந்தாலும் அங்கேயே சீடனாகச் சேர்ந்திருப்பாங்க. பிராம்ஸுக்கு ஏனோ அந்த இடம் ஒட்டவில்லை.

அதே வருஷம் டுசல்டார்ஃபில் ராபர்ட் ஷூமனையும் அவர் மனைவி, பியானோ மேதை கிளாராவையும் சந்தித்தார். ஷூமன் உடனே பத்திரிகையில் இந்தப் பையன்தான் எதிர்காலம்னு எழுதிட்டார். 20 வயசுப் பையன் தலையில் எவ்வளவு பெரிய சுமை, யோசிச்சுப் பாருங்க! சில மாசத்திலேயே ஷூமன் மனநலம் குன்றி ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றினாங்க, ஆனால் 1856-ல் மனநோய் விடுதியிலேயே இறந்துட்டார்.

இதுக்கு நடுவில் இசை உலகம் ரெண்டாகப் பிரிந்தது. லிஸ்ட், வாக்னர் பக்கம் சொன்னது: சொனாட்டா, சிம்பொனி மாதிரி பழைய வடிவங்களின் காலம் முடிஞ்சது, இனி இசை கவிதையோடும் கதையோடும் சேரணும். லிஸ்டின் பி மைனர் சொனாட்டாவையே எடுத்துக்கோங்க. சுமார் அரை மணி நேரம், நடுவில் நிறுத்தமே இல்லாத ஒரே ஓட்டம். அதை அவர் ஷூமனுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். கிளாராவுக்குத் துளிகூடப் பிடிக்கலை. பிராம்ஸ், கிளாரா பக்கம், பழைய வடிவத்தில் இன்னும் உயிர் இருக்குன்னு நம்பியது.

1859-ல் பிராம்ஸ் தன் முதல் பியானோ கன்செர்ட்டோவை லைப்சிக்கில் தானே வாசித்தார். கைதட்டல் அங்கங்கே கேட்டது, அதையும் சீறல் சத்தம் அமுக்கிடுச்சு. அடுத்த வருஷம்தான் அந்த அறிக்கை. வயலின் கலைஞர் யோவாகிமோடு சேர்ந்து லிஸ்ட் அணிக்கு எதிராக எழுதியது. நிறைய பேரிடம் கையெழுத்து வாங்கிட்டு வெளியிடுவதுதான் திட்டம். அதுக்குள்ள பெர்லின் பத்திரிகை ஒன்றில் நாலே கையெழுத்தோடு வந்துடுச்சு. எதிரணிப் பத்திரிகை அதைக் கிண்டல் செய்து ஒரு போலி அறிக்கையே போட்டது. அது எந்தப் பத்திரிகை தெரியுமா? ஷூமன் ஆரம்பித்த அதே பத்திரிகை, பிராம்ஸை உலகத்துக்கு அறிமுகம் செய்ததும் அதுதான்!

அதுக்கப்புறம் பிராம்ஸ் பதிலை இசையில்தான் சொன்னார். 1861-ல் ஹாண்டெலின் ஒரு சின்ன மெட்டை எடுத்து, 25 விதமாக மாற்றி, முடிவில் ஒரு ஃபியூக் வைத்து பியானோவுக்கு எழுதினார். 1864-ல் வியன்னா பக்கத்தில் வாக்னர் முன்னாடியே அதை வாசித்துக் காட்டினார். பழைய வடிவத்தை வைத்தும் இவ்வளவு செய்யலாம்னு வாக்னரே ஒத்துக்கிட்டார். (பின்னாளில் பிராம்ஸைத் தாக்கி எழுதவும் செய்தார், அது வேற கதை.)

அவசரமே படாத மனுஷன். திருப்தி வராத படைப்புகளை அழித்துடுவார். முதல் சிம்பொனி 1876-ல்தான் வந்தது, அப்போ அவருக்கு 43 வயசு. 1897-ல் வியன்னாவில் இறந்தார்.

கிளைமாக்ஸ் இனிமேல்தான். 1933-ல், பிராம்ஸின் நூற்றாண்டில், பழைய இசை இலக்கணத்தையே உடைத்த ஷோன்பெர்க் வானொலியில் பேசினார். பழமைவாதின்னு எல்லாரும் ஒதுக்கின பிராம்ஸ்தான் உண்மையில் முற்போக்கானவர்னு வாதம் செய்தார்.

எனக்கு 21 வயசு. பிளேஸ்மென்ட் சீசனில் எந்த டெக்னாலஜி செத்துப்போச்சு, எது எதிர்காலம்னு தினமும் யாராவது தீர்ப்பு சொல்றாங்க. நானும் ஒரு பக்கம் நின்னு கத்தியிருக்கேன். இப்போ ராத்திரி ஹெட்போனில் அந்த 25 மாற்றங்களும் லிஸ்டின் சொனாட்டாவும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஓடுது. ரெண்டுமே பிடிச்சிருக்கு. நீங்களும் கேட்டுப் பாருங்க. கேட்கிறதுக்கு எந்தக் கையெழுத்தும் போட வேண்டியதில்லை.