அந்திமந்தாரை இலையின் ரகசியம்

அந்திமந்தாரைச் செடியைப் பார்க்காதவர்கள் குறைவு. கொல்லையிலும் கிணற்றடியிலும் தானாக முளைத்து, மாலையில் பூக்கும். அதில் ஒரு வகைச் செடியின் இலையில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். யாரோ சுண்ணாம்பைத் தெளித்தது போலத் தோன்றும்.

ஒரே இலையில் பச்சை ஏன்? வெள்ளை ஏன்? இதை ஆராய்ந்து புகழ் பெற்றவர், ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி கார்ல் கோரன்ஸ்.

அவர் 1864-ம் ஆண்டு மியூனிக் நகரில் பிறந்தார். தகப்பனார் ஓவியர். கோரன்ஸ் ஒரே பிள்ளை. இளம் வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். சுவிட்சர்லாந்தில் இருந்த உறவினர் ஆதரவு கொடுத்தார்கள்.

பிறகு மியூனிக் சர்வகலாசாலையில் சேர்ந்தார். நேகெலி என்ற பெரிய தாவர விஞ்ஞானி அவருக்கு ஊக்கம் அளித்தார். கோரன்ஸ் மணந்ததும் நேகெலியின் உறவுப் பெண்ணைத்தான்.

யாருக்குப் பெருமை?

பெற்றோரின் குணம் பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கில் வருகிறது? பட்டாணியையும் மக்காச்சோளத்தையும் பயிரிட்டு, கோரன்ஸ் இதைக் கண்டறிந்தார். பிறகுதான் தெரிந்தது: மெண்டல் என்ற பாதிரியார் 1866-லேயே அதே கணக்கை எழுதி வைத்திருந்தார்! உலகம் கவனிக்கவில்லை. மெண்டல் 1884-ல் காலமாகிவிட்டார்.

1900 ஏப்ரலில், ஹாலந்து விஞ்ஞானி டி விரீஸின் கட்டுரை தபாலில் வந்தது. அதிலும் அதே கணக்கு! கோரன்ஸ் உடனே உட்கார்ந்து தம் கட்டுரையை எழுதினார். தலைப்பிலேயே மெண்டலின் பெயரைப் போட்டார். பெருமை, இறந்து போன பாதிரியாருக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றும் செய்தார். மெண்டல் தம் ஆராய்ச்சி பற்றி நேகெலிக்குப் பல கடிதங்கள் எழுதியிருந்தார். நேகெலி அதன் அருமையை உணரவில்லை. குருவுக்குப் பெருமை தராத அந்தக் கடிதங்களை, 1905-ல் கோரன்ஸே அச்சிட்டு வெளியிட்டார். எத்தனை பேருக்கு இந்த மனம் வரும்?

தாய் வழிச் சொத்து

மெண்டலின் கணக்கில் தாய்க்கும் தந்தைக்கும் சம பங்கு உண்டு. அந்திமந்தாரை அந்தக் கணக்கை மீறியது.

ஒரே செடியில் ஒரு கிளை முழுப் பச்சை. ஒரு கிளை முழு வெள்ளை. மற்றொன்று இரண்டும் கலந்தது. கிளை கிளையாக மகரந்தம் தடவி, விதை எடுத்து முளைக்கவைத்தார் கோரன்ஸ். பச்சைக் கிளையின் விதையில் பச்சைச் செடியே வந்தது. வெள்ளைக் கிளையின் விதை வெள்ளையாக முளைத்து, பச்சையம் இல்லாததால் பட்டுப்போனது. கலப்புக் கிளையின் விதையில் மூன்று வகையும் வந்தன. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் மாற்றமே இல்லை! இதை அவர் 1909-ல் வெளியிட்டார்.

காரணத்தைப் பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள். இலை பல செல்களால் ஆனது. செல்லுக்குள் பச்சைத் துகள்கள் இருக்கின்றன. அவற்றுக்கு என்று தனி மரபுப் பொருள் உண்டு. அந்திமந்தாரையில் அவை தாய் வழியாக மட்டுமே வருகின்றன. சில துகள்கள் பழுதானவை; பச்சை பிடிக்காது. நெல்லும் பதரும் கலந்த கூடையைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாகப் பங்கிடுவது போலத்தான் செல் பிரிகிறது. பதர் மட்டும் கிடைத்த செல்லின் சந்ததி முழுவதும் வெள்ளை. அதுதான் திட்டு.

1914 முதல் பெர்லின் உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்த கோரன்ஸ், 1933-ல் காலமானார். வெளியிடாத குறிப்புகள் ஏராளமாக இருந்தன. 1945-ல் பெர்லின் மீது விழுந்த குண்டுகளில் அவை எரிந்து போயின.