பழங்கதை மீட்ட சட்ட அறிஞர் விற்லி ஸ்ரோக்ஸ்

அயர்லாந்தின் பழந்தேவர்களாகிய லூக், தக்தா, பிரிஜிற் என்போரின் கதைகளை நாம் இன்று எளிதிற் பெற்றுப் படிக்கின்றோம். அக்கதைகளுக்குக் கிரகரி சீமாட்டியாரும் கவிஞர் யேற்சும் அளித்த எழில் பெரிது. ஆனால், அவர்கள் கையிற் கிட்டுமுன் அவற்றைத் தோற்சுவடிகளினின்றும் எழுத்தெழுத்தாக மீட்டெடுத்தோர் சிலர் உளர். அவருள் முன்னிற்பவர் விற்லி ஸ்ரோக்ஸ். இவர் கவிஞருமல்லர், கதாசிரியருமல்லர். இந்தியாவுக்குச் சட்டம் வரைந்த வழக்கறிஞர்.

1830 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆம் நாள் டப்ளின் நகரிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் ஸ்ரோக்ஸ் புகழ்பெற்ற மருத்துவர். இதய நோயொன்றும் சுவாசக் குறியொன்றும் இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன. சுவடி வல்லுநர் ஓடொனவனும் ஓகறியும் அவ்வீட்டுக்கு வந்து போவர். பழைய ஐரிஷ் மொழியின்மீது இளைஞருக்குக் காதல் பிறந்தது அவர்களால். திரினிற்றிக் கல்லூரியில் வடமொழி வல்ல செருமானியர் சீக்பிரீட் மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் முறையைப் புகட்டினார். 1855 இல் பரிஸ்ரர் ஆனார்.

ஓடொனவன் 1861 இலும் ஓகறி 1862 இலும் மறைந்தனர். அந்த 1862 இலேயே ஸ்ரோக்ஸ் சென்னைக்குக் கப்பலேறினார். சுவடிகள் டப்ளினிலும் இலண்டனிலும். அவற்றை வாசிக்க வல்லவரோ சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்! வேறொருவராயின் இளமைக்கால ஆசையென்று அதனை மறந்திருப்பர். இவர் மறந்தாரல்லர். 1865 இற் சென்னையில் இந்து தரும நூல்களைப் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் பழைய ஐரிஷ் உரைத்தொகுதி ஒன்றை அச்சேற்றினார். 1877 முதல் 1882 வரை இராசப்பிரதிநிதியின் சபையிற் சட்ட அங்கத்தவராக அமர்ந்து, குடியியல், குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைகளை வரைந்த காலத்தும் இப்பணி நிற்கவில்லை.

கல்கத்தாவில் 1868 இல் வெளிவந்த கோர்மாக் நிகண்டு தனியே பேசத் தக்கது. 908 இற் போரில் மடிந்த காசெல் நாட்டு மன்னரும் ஆயருமாகிய கோர்மாக் இயற்றியதென வழங்கும் சொற்பொருள் நூல் அது. ஆசான் ஓடொனவன் விட்டுச்சென்ற மொழிபெயர்ப்பைத் திருத்திக் குறிப்புகளுடன் ஸ்ரோக்ஸ் பதிப்பித்தார். பொருள் கூறப் புகுந்த நிகண்டு, பழைய வழக்கங்களின் களஞ்சியமாகவே அமைந்துவிட்டது. மே மாத முதல்நாளில் துருயிதர் என்னும் பூசகர் மந்திரம் ஓதி இரு தீ வளர்த்து, நோய் அணுகாதிருக்க ஆநிரையை அவற்றிடம் கொணர்வது அதில் உண்டு. தக்தாவின் மகள் பிரிஜிற் புலவர் வணங்கிய தெய்வம் என்றும், அவள் உடன்பிறந்தார் இருவரில் ஒருத்தி மருத்துவத்துக்கும் மற்றையவள் கொல்லுத் தொழிலுக்கும் உரியவள் என்றும் அது கூறும். கடல் தெய்வம் மனனானையோ மான் தீவிலிருந்த கைதேர்ந்த வணிகன் என்றும், வானத்தை நோக்கிக் காலநிலை அறிந்தமையால் மக்கள் அவனைத் தெய்வமாக்கினர் என்றும் உரைக்கும். கிறித்தவ ஆயர் ஒருவர் முன்னோர் தெய்வத்தை முற்றாக மறுக்கவும் ஒப்பாமல், ஏற்கவும் மாட்டாமல் நின்ற தடுமாற்றம் இச்சிறு பதிவில் தெரிகின்றது.

தாயகம் மீண்டபின் ஸ்ரோக்ஸ் வெளியிட்டவை பல. அவற்றுட் சிறந்தது 1891 இற் பாரிஸ் இதழொன்றில் வந்த இரண்டாம் மொய்ற்றூராப் போர். தாரா அரண்மனை வாயிலில் லூக்கைக் காவலன் தடுத்து, நீ அறிந்த கலை யாதென வினவுகிறான். தச்சு, கொல்லு, யாழ், மருத்துவம் என்று லூக் ஒவ்வொன்றாகச் சொல்ல, அதில் வல்லார் உள்ளே உளரெனக் காவலன் மறுக்கிறான். இவை அனைத்தும் ஒருங்கே வல்லான் ஒருவன் உளனோ என்ற கேள்விக்கே கதவு திறக்கிறது. பின்னர் அவன், இமையை நால்வர் தூக்க வேண்டியிருந்த பலோரின் கொடுங்கண்ணைக் கவண்கல்லால் வீழ்த்துகிறான். பலோரோ அவன் தாயைப் பெற்ற பாட்டன்.

ஆயின் இப்பதிப்பில் ஒரு குறை உண்டு. தக்தாவின் காமக் களியாட்டம் பற்றிய பகுதிகளை இழிந்தனவெனக் கருதி ஸ்ரோக்ஸ் நீக்கிவிட்டார். சாட்சியத்தில் ஒரு சொல் குறையினும் பொறாத சட்ட அறிஞர், தம் கைச்சாட்சியையே குறைத்தார்! இஃது அக்காலத்து நாகரிகம் என்று சமாதானம் கூறலாம். என் மனம் அதனை ஏற்கவில்லை. முழுப்பாடமும் அறிஞர் கிறேயின் பதிப்பில் வெளிவர 1982 வரை காத்திருக்க நேர்ந்தது.

எனினும் பிழைக்கு அஞ்சும் உள்ளம் அவருக்கு இல்லாமலில்லை. பிறர் நூலிற் பிழை கண்டால் கடுமையாகச் சாடுவார். தம் நூலுக்கும் விலக்களித்தாரல்லர். 1880 இல் வெளியிட்ட எங்குசின் புனிதர் நாட்காட்டியை 1905 இல், எழுபத்தைந்தாம் வயதில், மீண்டும் புதிதாகப் பதிப்பித்தார். 1909 ஏப்ரல் 13 இல் இலண்டனிற் காலமானார். நூலகத்தை அவர் புதல்வியர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அளித்தனர். குறிப்பேடுகள் பல செருமனியின் லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்து, அண்மைக் காலத்திலேதான் அறிஞர் கண்ணிற்பட்டன.