விர்சோவ் பெயரிட்ட கட்டி

1821இல் பிறந்த ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்சோவ், நோயின் காரணத்தை நுண்ணோக்கியில் தேடியவர். உயிரணு ஒவ்வொன்றும் வேறோர் உயிரணுவிலிருந்தே தோன்றுகிறது என்று 1858இல் வெளிவந்த தம் நூலில் வலியுறுத்தினார். அப்படியென்றால் கட்டியும் நம் உயிரணுக்களின் பெருக்கம்தான்! கிருமிகளால் நோய் வரும் என்பதை மட்டும் அவர் எளிதில் ஏற்கவில்லை. முடியும் பல்லும்கூடக் காணப்படும் விந்தைக் கட்டிகளுக்கு 'டெரட்டோமா' எனப் பெயரிட்டவர் அவரே. 1902இல் அவர் மறைந்தார்.

இன்று, பழுதடைந்த உறுப்புகளைச் சீராக்க, குருத்தணுக்களிலிருந்து புதிய உயிரணுக்களை வளர்க்கிறார்கள். எந்த உறுப்பின் உயிரணுவாகவும் மாறவல்ல குருத்தணுக்கள் சில மாறாமல் எஞ்சிவிட்டால், உடலுக்குள் அதே டெரட்டோமா வளரக்கூடும். அதனால், நோயாளிக்குச் செலுத்துமுன் ஆய்வாளர்கள் அவற்றை எலிகளுக்குச் செலுத்தி, மாதக்கணக்கில் காத்திருந்து பார்க்கிறார்கள்.